பத்திரம் மட்டும் போதாது: இணையத் தகவலை எதை வைத்து நம்புவது?

1. அம்பாறையில் எடுக்கப்பட்ட காணொளி

2018 பிப்ரவரி 26ஆம் தேதி இரவு, இலங்கையின் கிழக்கு மாகாணத்து அம்பாறை நகரில், முஸ்லிம் குடும்பம் ஒன்று நடத்திவந்த சாப்பாட்டுக் கடையில் தகராறு மூண்டது. கறியில் ஒரு கட்டி கிடப்பதைக் கண்ட சிங்கள வாடிக்கையாளர் ஒருவர், அது மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டார். கூட்டம் கூடியது. தமிழ் பேசுபவரும் சிங்களம் அரைகுறையாகத் தெரிந்தவருமான கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு, மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் அதட்டினார்கள். கேள்வி விளங்காமலோ பயத்திலோ, போட்டதாகப் பொருள்படும்படி அவர் ஏதோ தடுமாறிச் சொன்னார். அதைக் கைப்பேசியில் பிடித்தவர்கள் வாக்குமூலம் என்று முகநூலில் பரப்பினார்கள். கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது.

கறியில் இருந்தது மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை தந்தார். உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையாது என மருத்துவர்களும் சொன்னார்கள். அதற்குள் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்திருந்தது. மார்ச் 6ஆம் தேதி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. முகநூலும் வாட்சப்பும் சில நாட்கள் முடக்கப்பட்டன. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கேட்டது.

அந்தக் காணொளியில் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. இடம் சரி, நாள் சரி, ஆள் சரி. கேள்வியும் பதிலும் உண்மையாகவே நடந்தவை. அதைக் கொண்டு சொல்லப்பட்ட செய்திதான் பொய். எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அந்தப் பொய் திரையில் அகப்படாது. அது பிடிபட வேண்டுமானால் பகுப்பாய்வாளரின் அறிக்கை வேண்டும், மருத்துவ அறிவு வேண்டும், கடைக்காரருக்குச் சிங்களம் எவ்வளவு தெரியும் என்ற விவரம் வேண்டும். மூன்றுமே காணொளிக்கு வெளியே இருந்தவை.

இணையத்தில் வரும் ஒரு தகவலை நம்பலாமா என்பதை வாசகர் எதை வைத்து முடிவுசெய்வது? பள்ளிகளும் நூலகங்களும் விழிப்புணர்வுப் பிரசுரங்களும் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடை, ‘கூர்ந்து கவனியுங்கள்’ என்பது. அந்த விடை போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். தகவலை அதற்கு வெளியே உள்ள, ஒன்றையொன்று சாராத பதிவுகளோடு ஒப்பிடும்போதுதான் அதன் நம்பகத்தன்மை தெரியவருகிறது. அத்தகைய பதிவுகள் வாசகரின் மொழியில் இல்லாவிட்டால் தனிமனிதரின் திறமை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

2. பொய்யின் வேறு இரண்டு வடிவங்கள்

அம்பாறையில் காட்சி மாறவில்லை. அதன் பொருள் திரிக்கப்பட்டது. அதே ஆண்டு இந்தியாவில் பரவிய இன்னொரு காணொளியில் வேறு உத்தி கையாளப்பட்டது.

தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். பின்னால் இருப்பவர் ஒரு சிறுவனை அள்ளித் தூக்கிக்கொள்ள, வண்டி பறக்கிறது. கண்காணிப்புக் கேமராவில் பதிவானது போன்ற தோற்றம். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்ற எச்சரிக்கையோடு இது பல மொழி வாட்சப் குழுக்களில் சுற்றியது. உண்மையில் அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். காணாமல்போகும் குழந்தைகளுக்காகச் செயல்படும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்புக்காகத் தயாரானது. அசல் படத்தில் வண்டி திரும்பி வருகிறது. சிறுவனை இறக்கிவிடுகிறார்கள். பின்னால் இருந்தவர் ஓர் அட்டையை விரித்துக் காட்டுகிறார்: கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்பது அதில் உள்ள செய்தி. அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் அந்த வதந்தி குரல் பதிவுகளாகவும் பரவியது. வட இந்தியர்கள் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த குடும்பத்தை ஊரார் மடக்கி அடித்தார்கள். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி உயிரிழந்தார். அதே நாட்களில் பழவேற்காட்டில் மனநலம் குன்றிய ஒருவர் கொல்லப்பட்டார். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். அந்த மாதமே வாட்சப் நிறுவனம், முன்னனுப்பப்பட்ட செய்திகளுக்கு அடையாளம் இட்டது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது.

மூன்றாவது வடிவம் 2023 மார்ச்சில் எதிர்த்திசையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தேடித் தேடிக் கொல்லப்படுகிறார்கள் என்று இந்தி பேசும் மாநிலங்களில் காணொளிகள் பரவின. பீகார் முதல்வர் நிதிஷ்குமார் பத்திரிகை வழியாகத் தகவல் அறிந்ததாகக் கவலை தெரிவித்தார். அதே மார்ச் 2ஆம் தேதி தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு மறுப்பு வெளியிட்டார்: ஒரு காணொளி திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இரு தரப்பாக மோதிக்கொண்டது. இதே வதந்தியில் சேர்ந்துகொண்ட இன்னொரு காட்சி ராஜஸ்தானின் ஜோத்பூரில் வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்பட்டபோது பதிவானது என்று ஆல்ட் நியூஸ் போன்ற சரிபார்ப்பு அமைப்புகள் கண்டறிந்தன. காயம்பட்டதாகக் கட்டுப் போட்டு இருவர் பேசும் ஒரு காணொளி பாட்னாவில் ஒரு வீட்டில் நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவே பின்னர் அறிவித்தது.

மார்ச் 8ஆம் தேதி ஹோலி. ஊருக்குப் போகும் பருவத்தில் ரயில் நிலையங்களில் கூடும் வழக்கமான கூட்டமே அந்த ஆண்டு ‘உயிர் தப்பி ஓடும்’ கூட்டமாகக் காட்டப்பட்டது.

பொருள் திரிந்த காட்சி, முனை வெட்டப்பட்ட காட்சி, இடம் மாற்றிச் சொல்லப்பட்ட காட்சி. பாட்னாவில் நடித்து எடுத்த காணொளியை விட்டால், இந்த மூன்றிலும் படம் போலியானது அல்ல. செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தையும் குரலையும் உருவாக்கும் தொழில்நுட்பம் பற்றி இன்று எழும் அச்சம் நியாயமானதுதான். ஆனால் உயிர்களைப் பறித்த இந்தப் பொய்களுக்கு அவ்வளவு தொழில்நுட்பம் தேவைப்படவில்லை. ஒரு தலைப்பு வரியும் ஒரு கத்தரிக்கோலும் போதுமாக இருந்தன.

3. பட்டியல் முறையும் அதன் எல்லையும்

நம்பகத்தன்மையை அளக்கக் கல்வியுலகம் முதலில் வகுத்த முறை பட்டியல். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ 2004இல் வகுத்த பட்டியல் உலகம் முழுவதும் நூலகங்களில் ஒட்டப்பட்டது. தகவல் எவ்வளவு புதியது, தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவரின் தகுதி என்ன, துல்லியமானதா, எதற்காக எழுதப்பட்டது என்ற ஐந்து கேள்விகளை அது முன்வைத்தது. கேள்விகள் நல்லவை. ஆனால் நடைமுறையில் மாணவர்கள் இவற்றுக்கு விடையை அந்தத் தளத்துக்குள்ளேயே தேடினார்கள். ‘எங்களைப் பற்றி’ பக்கம் இருக்கிறதா, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா, அடியில் சான்றுகள் கொடுத்திருக்கிறார்களா, முகவரி ‘டாட் ஆர்க்’ என்று முடிகிறதா என்று பார்த்தார்கள்.

இவை அனைத்தும் எழுதியவரின் கையில் இருப்பவை. ‘டாட் ஆர்க்’ முகவரியைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் பக்கத்தில் யாரும் குறை சொல்லிக்கொள்வதில்லை. பிழைமலிந்த நடை பொய்யைக் காட்டிக்கொடுத்த காலமும் போய்விட்டது. எழுதிக் கொடுக்கும் செயலிகள் வந்தபின் சுத்தமான தமிழிலேயே பொய் வரும்.

நிலம் வாங்குபவர் விற்பவர் காட்டும் பத்திரத்தை எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் அதோடு முடிவுக்கு வருவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். விற்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு பதிவு இருப்பதால்தான் அந்தச் சரிபார்ப்புக்கு மதிப்பு. பட்டியல் முறை பத்திரத்தைப் படிக்கக் கற்றுத்தந்தது. வில்லங்கம் பார்க்கக் கற்றுத்தரவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டியது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 3,446 பேர் அதில் பங்கேற்றார்கள். வாக்குப்பெட்டியில் கள்ள ஓட்டுத் திணிப்பதாகத் தெரியும் மங்கலான காணொளியைக் காட்டி, அமெரிக்கத் தேர்தலில் மோசடி நடந்ததற்கு இது வலுவான சான்றா என்று கேட்டபோது பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 52 விழுக்காட்டினர், ஆம் என்றார்கள். அந்தக் காணொளி ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. இணைய இணைப்பு மாணவர்கள் கையிலேயே இருந்தது. தேடியிருந்தால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கும்.

4. வெளியே போய்ப் படிப்பவர்கள்

அதே குழுவின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இத்துறையில் திருப்புமுனையானது. 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாசிரியர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு இளங்கலை மாணவர்கள் என மூன்று தரப்பினரைக் கணினி முன் உட்கார வைத்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார்கள்.

ஒரு சோதனையில், பள்ளிகளில் நடக்கும் அடாவடி பற்றி இரண்டு அமைப்புகள் வெளியிட்டிருந்த கட்டுரைகள் தரப்பட்டன. ஒன்று, 1930இல் தொடங்கி இன்று பல்லாயிரம் மருத்துவர்களை உறுப்பினராகக் கொண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி. மற்றது, ஒரே பாலின இணையர் குழந்தைகளைத் தத்தெடுப்பதை அகாதமி ஆதரித்ததை எதிர்த்து 2002இல் பிரிந்து சென்ற சிலர் தொடங்கிய அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கல்லூரி. உறுப்பினர்கள் சில நூறு பேர். பெயர்கள் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு தளங்களும் பார்க்க நேர்த்தியாக இருந்தன.

சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேரும் அகாதமியே நம்பத்தக்கது என்றார்கள். வரலாற்றாசிரியர்களில் பாதிப் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரே அந்த முடிவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் பிரிந்துபோன சிறு அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வேறுபாடு படிப்பறிவில் இல்லை. வரலாற்றாசிரியர்கள் ஆவணத்தை ஆழ்ந்து படிக்கப் பழகியவர்கள்; அந்தப் பழக்கமே இங்கே அவர்களைத் தடுத்தது. கட்டுரையை மேலிருந்து கீழ் வரை படித்து, அதன் நடையையும் சான்றுகளையும் எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகள் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறினார்கள். புதிய சாளரங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். வைன்பர்க்கும் மெக்ரூவும் இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயரிட்டார்கள். இதை எளிய நான்கு படிகளாக்கியவர் மைக் கால்ஃபீல்ட்: நில்; மூலம் யார் என்று விசாரி; இதைவிட நல்ல செய்தி வேறெங்கேனும் உண்டா என்று பார்; கூற்று புறப்பட்ட இடம் வரை தடம் பிடித்துப் போ.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தேடல் முடிவுகள் வந்ததும் மாணவர்கள் முதல் இணைப்பைச் சொடுக்கினார்கள். சரிபார்ப்பாளர்கள் சற்றுப் பொறுத்து, பட்டியல் முழுவதையும் பார்த்து, எந்தெந்த மாதிரியான தளங்கள் இதைப் பற்றிப் பேசுகின்றன என்று கணித்த பிறகே ஒன்றைத் திறந்தார்கள்.

5. தேடினால் தெளியுமா?

பக்கவாட்டு வாசிப்புக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான சான்று 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியானது. கெவின் ஆஸ்லெட்டும் சக ஆய்வாளர்களும் ஐந்து சோதனைகள் நடத்தினார்கள். ஒரு செய்திக் கட்டுரையைப் படித்துவிட்டு, அது உண்மையா என்று இணையத்தில் தேடிப் பார்க்கச் சொன்னபோது, பொய்ச் செய்தியை நம்புவோரின் விகிதம் குறையவில்லை, கூடியது. ஒரு சோதனையில் அந்த உயர்வு சுமார் 19 விழுக்காடு.

இது முந்தைய முடிவுக்கு முரணா? ஆய்வின் விவரத்துக்குள் போனால் விடை கிடைக்கிறது. கொரோனா கால ஊரடங்கு அமெரிக்காவில் ‘திட்டமிட்ட பஞ்சத்தை’ உண்டாக்கும் என்று ஒரு பொய்க் கட்டுரை சொன்னது. அந்தச் சொற்றொடரை அப்படியே எடுத்துத் தேடியவர்களுக்கு அதே சொற்றொடரைப் பயன்படுத்தும் தரக்குறைவான தளங்களே வரிசையாக வந்தன. வேறு யாரும் அந்தச் சொல்லைப் புழங்கவில்லை. தேடல், பொய்யின் எதிரொலியையே கொண்டுவந்து சான்றாக நிறுத்தியது. இத்தகைய வெற்றிடங்களை மைக்கேல் கோலெபியெவ்ஸ்கியும் டேனா பாய்டும் 2018இலேயே சுட்டிக்காட்டியிருந்தார்கள். ஒரு சொல்லைப் பற்றி நம்பத்தக்கவர்கள் எதுவும் எழுதாத இடைவெளியில், அதை உருவாக்கியவர்களே தேடல் முடிவுகளை நிரப்பிவிடுகிறார்கள்.

ஆகவே இரண்டு ஆய்வுகளும் மோதிக்கொள்ளவில்லை. சரிபார்ப்பாளர் ‘இதைச் சொல்வது யார்’ என்று தேடினார். ஆஸ்லெட்டின் பங்கேற்பாளர் ‘சொன்னது என்ன’ என்பதை அதே சொற்களால் தேடினார். முதல் தேடல் வெளியே கொண்டுபோகிறது, இரண்டாவது வந்த இடத்துக்கே திருப்பிவிடுகிறது.

ஆனால் முதல் வகைத் தேடலும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. தேடிப் போகும் இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்புகளைப் பற்றி ஆங்கிலத்தில் விக்கிப்பீடியாவும் நாளிதழ்களும் விரிவாக எழுதியிருக்கின்றன. போளூர் வட்டாரத்தில் சுற்றிய குரல் பதிவைக் கேட்டவர், அந்தக் குரலைத் தேடுபொறியில் எப்படித் தேடியிருக்க முடியும்?

6. எத்தனை பேர் சொன்னார்கள், யார் யார் சொன்னார்கள்

பல இடங்களிலிருந்து வருவதால் ஒரு தகவலை நம்புவது இயல்பு. உளவியலாளர் லின் ஹாஷரும் சக ஆய்வாளர்களும் 1977இல் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பக் கேட்ட கூற்றுகள் மெய்யானாலும் பொய்யானாலும் மனத்துக்கு மேலும் உண்மையாகத் தோன்றின. வாட்சப் இந்தப் பலவீனத்துக்குத் தீனி போடுகிறது. குடும்பக் குழு, தெருக் குழு, பள்ளி நண்பர்கள் குழு என்று மூன்று இடங்களில் வரும் ஒரே காணொளி, மூன்று சாட்சிகள் போலத் தெரிகிறது. உண்மையில் சாட்சி ஒன்றுதான். மூன்று முறை நகலெடுக்கப்பட்டிருக்கிறது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 வதந்தித் தொடர்களை ஆராய்ந்த வொசூகி, ராய், ஆரல் மூவரும், பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்யைவிட 70 விழுக்காடு அதிகம் என்று 2018இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். சரிபார்ப்பு அமைப்புகள் கையில் எடுத்த வதந்திகளை மட்டுமே அவர்கள் கணக்கில் கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் பகிர்வின் எண்ணிக்கை உண்மைக்கு அளவுகோல் ஆகாது என்பதற்கு அது போதும்.

பெயர்பெற்ற மூலமும் தனித்து நின்றால் போதாது. 2020 மே 22ஆம் தேதி லான்செட் மருத்துவ இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. 671 மருத்துவமனைகளில் சுமார் 96,000 கொரோனா நோயாளிகளின் தரவைக் கொண்டு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மரணத்தைக் கூட்டுகிறது என்று அது சொன்னது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தின் சோதனையை நிறுத்தி வைத்தது. அந்தத் தரவில் ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 21 வரை 73 பேர் இறந்ததாக இருந்தது. அந்நாட்டின் பொதுக் கணக்கிலோ அதே தேதி வரை மொத்த மரணமே 67. கட்டுரைக்கு வெளியே எல்லோருக்கும் திறந்திருந்த ஒரு பட்டியலோடு ஒப்பிட்டபோது எழுந்த அந்தக் கேள்வியும் அதைத் தொடர்ந்த மற்றக் கேள்விகளும் சேர்ந்து, தரவை வழங்கிய சர்ஜிஸ்ஃபியர் நிறுவனத்தின் மீதான நம்பிக்கையைத் தகர்த்தன. ஜூன் 4ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்து கொரோனாவுக்குப் பயனற்றது என்பது பின்னர் வேறு முறையான சோதனைகளில் தெரியவந்தது. அதனால் இந்த ஆய்வின் தரவு சரியென்று ஆகிவிடாது.

2023 மார்ச்சுக்குத் திரும்பினால், தமிழ்நாடு காவல்துறையின் மறுப்பை ஏன் நம்ப வேண்டும் என்று பாட்னாவில் ஒருவர் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. குற்றம் சாட்டப்பட்ட மாநிலத்தின் காவல்துறை அது. மறுப்பதில் அதற்கு நலன் உண்டு. அந்த மறுப்பை நம்பத்தக்கதாக்கியது வேறு தரப்புகளின் சாட்சியம். பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர் ஆகிய இடங்களுக்கு நேரில் சென்று தொழிலாளர்களிடம் பேசியது. பரவியவை பொய்க் காணொளிகள் என்ற முடிவுக்கு வந்தது. தமிழ்நாட்டைக் காப்பாற்ற அந்தக் குழுவுக்குக் காரணம் எதுவும் இல்லை. ஜோத்பூர்க் கொலை ராஜஸ்தான் ஊடகங்களில் முன்பே பதிவாகியிருந்தது. எதிரெதிர் நலன் கொண்டவர்கள் தனித்தனியாக விசாரித்து ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ஒரு தகவலுக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான சான்று இதுவே.

அரசுகள் தாமே சரிபார்ப்புப் பிரிவு அமைப்பதில் உள்ள சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அறிவிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி எடுத்துக்கொண்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. தமிழ்நாடு அரசும் 2023இல் தனக்கென ஒரு பிரிவை அமைத்தது. இவை தரும் விளக்கங்களுக்குப் பயன் உண்டு. ஆனால் எந்த அரசின் விளக்கமும் ஒரு தரப்பின் கூற்றே, தீர்ப்பு ஆகாது.

7. கற்றுக்கொடுக்க முடியுமா?

கற்றுக்கொடுத்தால் மக்கள் மாறுவார்களா என்பதற்கு இந்தியாவிலிருந்தே மூன்று ஆய்வுகள் மூன்று விதமாக விடை தருகின்றன. ஆண்ட்ரூ கெஸ்ஸும் சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பொய்ச் செய்தியைக் கண்டறியும் குறிப்புகளை இணையத்தில் படித்த, உயர்கல்வி பெற்ற இந்தியர்களின் பகுத்தறியும் திறன் 17.5 விழுக்காடு உயர்ந்தது. அதே குறிப்புகள் வட இந்திய கிராமப்புற மக்களிடம் எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. சுமித்ரா பத்ரிநாதன் 2019 பொதுத்தேர்தல் காலத்தில் பீகாரில் 1,224 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். வீடு தேடிப் போய் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயிற்சி அளித்தும் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. ஆளுங்கட்சி ஆதரவாளர்களிடையே, தம் கட்சிக்குச் சாதகமான பொய்களை இனங்காணும் திறன் சற்றுக் குறையவும் செய்தது.

இத்தோடு நின்றிருந்தால் கைவிட்டுவிடலாம் என்றே தோன்றும். ஆனால் பத்ரிநாதனும் வேறு மூவரும் சேர்ந்து அதே பீகாரில் 583 கிராமங்களில் 13,500க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய அடுத்த ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்தது. இம்முறை ஒரு மணி நேரப் பயிற்சி அல்ல. பல வாரங்களுக்கு நீண்ட வகுப்புகள். கட்சிப் பற்று இன்னும் இறுகாத பதின்ம வயதினர். மாநில அரசின் ஒத்துழைப்பும் இருந்தது. உண்மையையும் பொய்யையும் பிரித்தறியும் திறன் தெளிவாக உயர்ந்தது. மாதங்கள் கழிந்தும் நிலைத்தது. பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கும் அதன் பலன் சென்றது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால், பெரியவர்களுக்கு ஒருமுறை சொல்லப்படும் எச்சரிக்கையால் ஆவது குறைவு என்று தெரிகிறது. வகுப்பறையில், ஆசிரியரின் துணையோடு, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிதான் பழக்கமாகிறது. எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுப்பதும் தீர்வாகாது. போளூரில் வேண்டியிருந்தது சந்தேகம். அம்பாறையில் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தபோது வேண்டியிருந்தது நம்பிக்கை. மெய்யை ஏற்கவும் பொய்யைத் தள்ளவும் ஒரே நேரத்தில் பழக வேண்டியிருக்கிறது.

8. தமிழில் சரிபார்க்க என்ன இருக்கிறது?

தமிழுக்கு இன்று அடித்தளம் இல்லாமல் இல்லை. யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்கள் இயங்குகின்றன. தேசிய அளவிலான சில அமைப்புகளும் தமிழ்ப் பிரிவு வைத்திருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் வளர்ந்துவருகிறது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நாளிதழ்களையும் எண்ணிமமாக்கிவரும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. ஒரு பழைய செய்தி உண்மையில் அச்சானதா என்று பார்க்க இத்தகைய ஆவணகம் எவ்வளவு உதவும் என்பதற்கு அது நல்ல சான்று.

குறை எங்கே என்பதை நியூஸ் கார்டு காட்டிக்கொடுக்கிறது. தமிழ்நாட்டின் அரசியல் பொய்கள் பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் வருகின்றன: ஒரு தலைவரின் படம், அவர் சொன்னதாக இரண்டு வரி, மூலையில் ஒரு தொலைக்காட்சியின் சின்னம், கீழே தேதி. பெரிய செய்தி நிறுவனங்களின் பெயரிலெல்லாம் போலிகள் வந்திருக்கின்றன. எழுத்துரு வேறுபடுகிறதா, சின்னம் சற்று விலகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது பழைய பட்டியல் முறையே. நேர்த்தியாகச் செய்யப்பட்ட போலியின் முன் அது தோற்கும். சரியான வழி, அந்தத் தேதியில் அந்த நிறுவனம் அப்படி ஒரு கார்டு வெளியிட்டதா என்று அதன் பக்கத்திலேயே பார்ப்பது. ஆனால் ஒரு நாளில் பல பத்து கார்டுகள் வெளியாகும் சமூக ஊடகப் பக்கத்தில் சென்ற மாதக் கார்டைத் தேடி எடுப்பது பெரும்பாடு. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தமிழில் தேடுவது அதைவிடக் கடினம். போலி என்று நிறுவனம் வெளியிடும் மறுப்பும் அதே ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படுகிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஒவ்வொரு செய்தி நிறுவனமும் தன் கார்டுகளைத் தேதிவாரியாக, எழுத்தாகத் தேடக்கூடிய வடிவில், தன் தளத்தில் வைத்துக் காக்கலாம். மறுப்புகளையும் அங்கேயே வைக்கலாம். காணொளியாக மட்டும் வெளியாகும் சரிபார்ப்புகளுக்கு எழுத்து வடிவமும் தரலாம். வதந்தியின் சொற்களைக் கொண்டே தேடுபவருக்கும் மறுப்பு அகப்படும்படி, வதந்தி வந்த வாக்கியத்தை அந்தப் பக்கத்தில் எழுதி வைக்கலாம். மொழி எல்லையைத் தாண்டும் பொய்களுக்கு மறுப்பும் அந்த எல்லையைத் தாண்ட வேண்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டு அதிகாரிகள் இந்தி தெரிந்த அலுவலர்களோடு உதவி எண்களைத் திறந்தது அந்த வகையில் சரியான செயல். ஆனால் அது காணொளிகள் பரவிய பிறகு, அவசரத்தில் நடந்தது.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கணினியும் இணையமும் கொண்ட ஹைடெக் லேப் இப்போது இருக்கிறது. பீகாரின் கிராமங்களில் முடிந்தது அங்கே முடியாது என்று சொல்ல முகாந்திரம் இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவர் கையில் ஒரு நியூஸ் கார்டைக் கொடுத்து, அது மெய்யா பொய்யா என்று கேட்காமல், மெய்யென்றால் வேறு எங்கெல்லாம் பதிவாகியிருக்க வேண்டும் என்று கேட்பது அந்தப் பாடத்தின் தொடக்கமாக இருக்கலாம். அவர் தேடிப் போகும் இடத்தில் தமிழில் ஒரு பதிவு இருந்தால்தான் பாடம் நிறைவேறும். பள்ளிக் கல்வித் துறையும் செய்தி நிறுவனங்களும் தத்தம் பங்கை ஒரே நேரத்தில் தொடங்கியாக வேண்டும்.